யூடியூப் ஓடுதுல்லா?

ஐப்பசி இடி எங்கள் வீரவநல்லூர்ப் பக்கம் சொல்லிவிட்டு வருவதில்லை. மேற்கே மலைப்பக்கம் கருத்தவுடன் அம்மா ஓடிப்போய் டிவி பிளக்கைப் பிடுங்குவாள், மிக்ஸி பிளக்கைப் பிடுங்குவாள், புறவாசல் மோட்டார் சுவிட்சை அணைப்பாள். மோடத்தை மட்டும் தொடமாட்டாள், ஏனென்றால் அதைத் தொட்டால் நான் கத்துவேன். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் விழுந்த இடியில் வீட்டில் போனது அந்த மோடம் ஒன்றுதான். பிளாஸ்டிக் கருகிய வாடை தார்சா வரைக்கும் வந்தது.

ஃபைபர் லைனில் மின்னல் வருமா என்று பலர் கேட்டார்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் வராது. வந்தது இபி கம்பி வழியாக, போனது அடாப்டரும் அதோடு சேர்ந்து பெட்டியும். ஆகவே மழைக்காலத்தில் பிடுங்க வேண்டியது கரண்ட் பிளக்கைத்தான், மஞ்சள் வயரைப் பிடுங்கி வளைத்து வைத்தால் அது தனிச் செலவு.

வெள்ளிக்கிழமை மத்தியானமே கேபிள் அண்ணாச்சியின் ஆள் வந்து புதுப் பெட்டி மாட்டிவிட்டான். நல்ல பையன், வேலை சுத்தம். பச்சை விளக்கு எரிந்தது, வேகம் பார்த்தோம், 100 எம்பி திட்டத்துக்கு 94 காட்டியது. கிளம்பும்போது, "அண்ணே, எதுன்னாலும் போன் பண்ணுங்க, பின்னால இருக்க ஓட்டையில ஊசியக் குத்தி ரீசெட் மட்டும் பண்ணிராதீங்க" என்றான். அதில்தான் லைனுக்கான யூசர் பெயர், பாஸ்வேர்டு, விலான் எண் எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறானாம். ரீசெட் செய்தால் அவன் மறுபடி வந்தால்தான் நெட்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்து, எனக்கே உரிய மேதாவித்தனத்தோடு உட்கார்ந்து, பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டு மோடத்தின் பக்கத்தைத் திறந்தேன். முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றினேன், இது எல்லாரும் செய்ய வேண்டியது. வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழைய பெட்டியில் இருந்த மாதிரியே வைத்தேன், அப்படி வைத்தால் வீட்டில் உள்ள ஏழெட்டு சாதனங்களையும் மறுபடி இணைக்கும் வேலை மிச்சம். இன்னும் ஒன்றிரண்டு இடத்திலும் கைவைத்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

சனி, ஞாயிறு எந்தக் குறையும் இல்லை. மகள் யூடியூப் பார்த்தாள், நான் படம் பார்த்தேன், வாட்ஸ்ஆப் ஓடியது. திங்கள்கிழமை காலை ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறந்து சென்னை ஆபீசின் வி.பி.என்னை, அதாவது வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகிற பூட்டிய தனி வழியை, தட்டினால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு அரை நிமிஷம் கழித்துச் சர்வரிடமிருந்து பதில் இல்லை என்றது. மறுபடி தட்டினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அதே கதை. பாஸ்வேர்டு காலாவதி ஆகியிருக்குமோ என்று ஆபீஸ் உதவிமையத்துக்குப் போன் போட்டால், அங்கே இருந்த பிள்ளை இரண்டே கேள்வி கேட்டது. ஒன்று, வேறு யாருக்கும் பிரச்சினை இருக்கிறதா? இல்லை. இரண்டு, புதுசாக ஏதாவது மாற்றினீர்களா? மோடம் மாற்றினேன் என்றேன். "அப்ப உங்க ரவுட்டர்தான் சார் பிளாக் பண்ணுது, உங்க இன்டர்நெட் கம்பெனில சொல்லுங்க" என்று புகாரை முடித்து வைத்துவிட்டது.

நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, யூடியூப் ஓடுதுல்லா?"

"ஓடுது அண்ணாச்சி, ஆனா ஆபீஸ்..."

"யூடியூப் ஓடுதுன்னா லைன் சரியா இருக்குன்னு அர்த்தம். ஒங்க ஆபீசத் தடுத்து எனக்கு என்னவே ஆகப்போகு? ஆபீஸ்லயே கேளுங்க."

இப்படி இரண்டு பக்கமும் என்னைப் பந்தாடியதில் திங்கள்கிழமை போய்விட்டது. அன்றைக்கு எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால் இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை, அவரவர் நின்ற இடத்திலிருந்து பார்த்ததைச் சொன்னார்கள். யூடியூப் ஓடுகிறது என்பது ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. இந்த வாசல்களுக்கு எண் உண்டு, போர்ட் என்பார்கள், வெப் பக்கங்கள் போவது 443 என்ற போர்ட் வழியாக. அந்த ஒன்று திறந்திருந்தாலே இன்றைய இன்டர்நெட்டில் முக்கால்வாசி ஓடிவிடும். யூடியூபே முதலில் யு.டி.பி. என்ற டேட்டா அனுப்பும் முறையில் முயன்று பார்க்கும், அது அடைபட்டிருந்தால் சத்தமில்லாமல் டி.சி.பி. என்ற இன்னொரு முறைக்கு மாறிக்கொள்ளும், பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இங்கே சிக்கல்.

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, யார் மேல் தப்பு என்று கேட்காமல் எந்த இடம் வரைக்கும் போகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். இந்தப் புத்தியை திங்கள்கிழமையே பிடித்திருந்தால் லீவு மிச்சம்.

முதலில் போன் ஹாட்ஸ்பாட். எங்கள் வீடு பழைய வீடு, சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம், அரங்கில், அதாவது உள்ளறையில், நின்றால் எந்த கம்பெனி டவரும் எட்டிப் பார்க்காது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வி.பி.என்னைத் தட்டினேன். நாலே விநாடியில் இணைந்தது. ஆக லேப்டாப் சரி, பாஸ்வேர்டு சரி, ஆபீஸ் சர்வரும் சரி. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைத் திங்கள்கிழமையே செய்திருக்க வேண்டும், நான் ஒரு நாள் அடம்பிடித்தவன்.

அடுத்து, வைஃபையைத் தள்ளிவிட்டு லேன் கேபிளில் நேராக மோடத்தில் செருகிப் பார்த்தேன். அப்போதும் இணையவில்லை. அப்படியானால் வைஃபை மேல் பழி போட முடியாது. மோடத்தை இடம் மாற்றி வை, ஆன்டெனாவைத் திருப்பு என்று சொல்கிறவர்களுக்கு எல்லாம் இதுதான் பதில்.

மூன்றாவது சோதனைதான் எனக்கே பெருமையாக இருந்தது. லைன் தடுக்கிறதா, பெட்டி தடுக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். என் வீட்டில் ஒரே பெட்டிதான், ஃபைபரைக் கழற்றி லேப்டாப்பில் செருக முடியாது. ஆனால் நாலு வீடு தள்ளி பெரியம்மா மகன் வீட்டில் அதே அண்ணாச்சியின் லைன், பெட்டி மட்டும் வேறு. லேப்டாப்போடு போய் நின்றேன்.

"என்ன கொழுந்தனாரே, ஒங்க வீட்டு நெட்டு தீந்துபோச்சுன்னு எங்க வீட்டுக்கு வந்துட்டீயளோ?" என்று மதினி காபி போடப் போனார்கள். காபி வருவதற்குள் வி.பி.என் இணைந்துவிட்டது. அதே கம்பெனி, அதே தெரு, அதே கம்பத்திலிருந்து இறங்குகிற வயர். ஆகவே அண்ணாச்சி தடுக்கவில்லை, அவர் மேலே வாங்குகிற கம்பெனியும் தடுக்கவில்லை. மிஞ்சியது என் வீட்டுப் பெட்டி. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அங்கே கிடந்த முறுக்கு முழுவதையும் நானே தின்றேன்.

வீட்டுக்குத் திரும்பினால் அம்மா வாசல்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஏல, இந்தப் போனு செத்துப்போச்சா என்னன்னு பாருல. கோவில்பட்டிலேருந்து ஒந்தங்கச்சி கூப்பிட்டா உள்ள இருந்து பேச முடியல, வாசலுக்கு வந்தாத்தான் காது கேக்கு. நாலஞ்சு நாளா இப்பிடித்தான்."

மழை என்றால் டவர் சரியாக எடுக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். நாலைந்து நாள் என்றது மண்டையில் உரசியது.

அம்மா போனில் வைஃபை காலிங் போட்டு வைத்திருந்தேன். நம் நாட்டில் 2019 டிசம்பரில்தான் இந்த வசதி முதலில் வந்தது. டவர் எட்டாத அரங்கில் உட்கார்ந்துகொண்டும் வைஃபை வழியாகச் சாதாரண போன் கால் பேசலாம், தனி ஆப் எதுவும் வேண்டாம். கனத்த சுவர் வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய வரம். அம்மா போனின் மேல்வரியில் அதற்கான அடையாளம் வழக்கமாக இருக்கும், இப்போது இல்லை. வைஃபை இருக்கிறது, இணையம் இருக்கிறது, வைஃபை காலிங் மட்டும் இல்லை.

வைஃபை காலிங் செய்கிற வேலை என்னவென்றால், போனிலிருந்து கைபேசி கம்பெனியின் வாசல் வரைக்கும் ஒரு பூட்டிய சுரங்கம் தோண்டுகிறது, ஐபிசெக் என்பார்கள். அதற்கு யு.டி.பி.யில் 500, 4500 என்று இரண்டு போர்ட்டுகள் வேண்டும். முதலில் 500-இல் கதவைத் தட்டும், நடுவே வீட்டு ரவுட்டர் இருப்பது தெரிந்ததும் 4500-க்கு மாறிக்கொள்ளும். என் ஆபீஸ் வி.பி.என்னும் அதே ஐபிசெக் வகைதான். அம்மாவின் போனும் என் லேப்டாப்பும் ஒரே வாசலை நம்பி இருந்திருக்கின்றன, அந்த வாசல் வெள்ளிக்கிழமையிலிருந்து மூடிக் கிடக்கிறது. எனக்கு ஆபீஸ் திங்கள்கிழமைதான், அம்மாவுக்கு ஆபீஸ் தினமும் உண்டு. அவள்தான் முதல் நாளே கண்டுபிடித்தவள், சொல்லியும் இருக்கிறாள், நான் "மழைம்மா" என்று தட்டிக் கழித்திருக்கிறேன்.

அப்புறம் மோடத்தின் பக்கத்தைத் திறந்து லாக் என்று ஒரு மூலையில் இருந்ததைத் தேடிப் பிடித்தேன். பலரும் இதைத் திறப்பதே இல்லை, நானும் அதுவரை திறந்ததில்லை. அதில் நேரம் 1970 ஜனவரி 5 என்று போட்டிருந்தது. நேரம் சொல்லிக்கொடுக்கப்படாத பெட்டி எல்லாம் 1970 ஜனவரி 1-இல் பிறந்ததாகத்தான் நினைத்துக்கொள்ளும், யூனிக்ஸ் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்வெர்ட்டர் தயவால் இடையில் அணையாமல் ஓடியதால், வெள்ளிக்கிழமை பிறந்த பெட்டிக்கு செவ்வாய்க்கிழமை ஐந்தாம் நாள், கணக்குச் சரிதான். அந்த ஜனவரி 5-இல் வரிசையாக ஒரே மாதிரி வரிகள், டிராப் என்றால் தடுத்துக் கைவிட்டது என்று பொருள்: டிராப், யு.டி.பி., 192.168.1.6, போர்ட் 500. மறுபடி டிராப், 192.168.1.6, போர்ட் 500. சில விநாடி இடைவெளி விட்டு மறுபடி. இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால் 192.168.1.6 அம்மாவின் போன். நடு நடுவே 192.168.1.4, அது என் லேப்டாப், அதுவும் போர்ட் 500. பாவம், அந்தப் போன் நாலு நாளாக ராத்திரி பகலாகக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

இனி அந்த "ஒன்றிரண்டு இடத்தில் கைவைத்த" கதை. ஃபயர்வால் என்று ஒரு பக்கம் உண்டு, போகிற வருகிற டேட்டாவுக்கு அதுதான் காவல். லோ, மீடியம், ஹை என்று மூன்று அளவு. பையன் மீடியத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி நான்தான், பாதுகாப்பு என்றால் அதிகம் இருப்பதுதானே நல்லது என்று ஹையைத் தட்டிச் சேமித்திருக்கிறேன். உப்பு கூடினால் ருசி கூடும் என்று நினைக்கிற ஆள் மாதிரி. ஹைக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், வீட்டிலிருந்து வெளியே போகிற போக்குவரத்தில் வெப், மெயில், பெயர் தேடும் டி.என்.எஸ். போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி, மற்ற எல்லாம் தடை என்று எழுதியிருந்தது. அதை அன்றைக்குப் படிக்கவில்லை. ஆபீஸ் பிள்ளை "புதுசா ஏதாவது மாத்துனீங்களா" என்று கேட்டபோதும் மோடம் என்றேனே தவிர இது ஞாபகத்துக்கே வரவில்லை.

மறுபடி மீடியம் வைத்தேன். லேப்டாப்பில் வி.பி.என் உடனே இணைந்தது. அம்மாவின் போனை ஒரு தரம் ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுத்ததும் அந்த அடையாளம் வந்துவிட்டது. அம்மா அரங்கில் உட்கார்ந்து தங்கச்சிக்குப் போன் போட்டு, முதல் வேலையாக, "ஒங்கண்ணந்தான் போனக் கெடுத்து வச்சிருக்கான்" என்று ஆரம்பித்தாள்.

ஹையைக் குறைத்துவிட்டால் பாதுகாப்புக் குறையாதா என்று கேட்பீர்கள். ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் ஓடுகிற சாதாரண லைனில், வெளியிலிருந்து யாரும் கூப்பிடாமல் வருகிற பாக்கெட்டை, அதாவது டேட்டாப் பொட்டலத்தை, ரவுட்டர் உள்ளே விடாது, எந்த சாதனத்துக்குக் கொடுப்பது என்றே அதற்குத் தெரியாது. மீடியத்திலும் அந்தத் தடை அப்படியே இருக்கிறது. ஹை கூடுதலாகத் தடுப்பது உள்ளேயிருந்து வெளியே போவதை. ஆபீஸ் நெட்வொர்க்கில் அதற்கு ஒரு நியாயம் உண்டு, எங்கள் வீட்டில் இல்லை. அதற்காக ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடக் கூடாது, முக்கியமாக ஐபிவி6 என்ற புது முகவரி முறை வருகிற லைன்களில். அங்கே ஒவ்வொரு சாதனத்துக்கும் நேரடி முகவரி கிடைப்பதால் வாசலில் நிற்கிற ஒரே காவல் அந்த ஃபயர்வால்தான். ஹையைவிட உருப்படியான காரியங்கள் வேறு: அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது, வெளியிலிருந்து மோடத்தின் பக்கத்தைத் திறக்கும் வசதியை அணைத்து வைப்பது, மென்பொருள் அப்டேட் வந்தால் போடுவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பையன் பேச்சை மீறி அன்றைக்கு ஊசியைக் குத்தி ரீசெட் செய்திருந்தால் ஃபயர்வாலும் பழைய நிலைக்குப் போயிருக்கும், பையன் வந்து யூசர் பெயரைப் போட்டதும் வி.பி.என் ஓடியிருக்கும். எல்லாரும் "மோடம் மக்கர், ரீசெட் பண்ணோம், சரியாப் போச்சு" என்றிருப்போம். ஒரு மாசம் கழித்து நான் மறுபடி போய் ஹையைத் தட்டியிருப்பேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். புதன்கிழமை வி.பி.என் இணைந்தது, மெயில் வந்தது, சாட் ஓடியது, ஆனால் ஆபீஸின் வருகைப்பதிவுப் பக்கம் பாதி திறந்து வெள்ளையாக நின்றுவிட்டது. பெரிய ஃபைல் எதையாவது எடுத்தால் முதல் கொஞ்சம் வந்து அப்படியே உறைந்தது. சின்னது போகிறது, பெரியது போகவில்லை. போர்ட் அடைபட்டிருந்தால் எதுவுமே போகாது, இது அந்த ஜாதி நோய் இல்லை.

நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ் அடுக்கில் பைக் போகும், சைக்கிள் போகும், பஸ்ஸைக் கொண்டுபோய் நுழைத்தால் அது போகாது. யாராவது வாசலில் நின்று "பஸ் இந்தப் பக்கம் வராதுய்யா" என்று சொன்னால் டிரைவர் வேறு வழி பார்ப்பார். சொல்ல ஆளே இல்லை, பஸ் உள்ளே போய் மாயமாகிவிடுகிறது, டிப்போவில் இருப்பவர் அடுத்த பஸ்ஸை அதே வழியில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்துகொண்டிருந்தது.

வீட்டு நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு பொதுவாக 1500 பைட். இதை எம்.டி.யூ. என்பார்கள். யூசர் பெயர், பாஸ்வேர்டு போட்டு இணைகிற லைன்கள், அதாவது பி.பி.பி.ஓ.இ. லைன்கள், ஒவ்வொரு பாக்கெட்டிலும் தங்கள் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. பையன் புதுப் பெட்டியில் அந்த இடத்தில் 1500 என்றே விட்டுவிட்டான். சாதாரண வெப் பக்கங்களுக்கு இது தெரியாது, டி.சி.பி. இணைப்பு தொடங்கும்போதே அளவைக் குறைத்துப் பேசவைக்கிற ஏற்பாடு லைனில் எங்காவது இருக்கும். வி.பி.என் பாக்கெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. உள்ளே இருப்பது பூட்டிய பொட்டலம், நடுவில் இருக்கிறவர் பிரித்துப் பார்த்து அளவைத் திருத்த முடியாது. அதோடு வி.பி.என் தன் பங்குக்கு ஒரு உறை சுற்றுகிறது, பாக்கெட் இன்னும் கனக்கிறது.

இதைச் சோதிக்க விண்டோஸில் இருக்கிற பிங் கட்டளையே போதும். அதில் எஃப் என்ற விருப்பம் கொடுத்தால் பாக்கெட்டைத் துண்டாக்காதே என்று பொருள், எல் என்பது அளவு. வி.பி.என்னை அணைத்துவிட்டு 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்கு 1472 அளவில் அனுப்பினேன், பதில் இல்லை. 1400, பதில் வந்தது. 1450, வந்தது. 1470, இல்லை. கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்க்கிற மாதிரிக் கூட்டிக் குறைத்து, 1464-க்குப் பதில் வருகிறது, 1465-க்கு வரவில்லை என்ற இடத்தில் வந்து நின்றது. பிங் தன் தலைப்புகளுக்கு 28 பைட் சேர்த்துக்கொள்ளும், 1464-உம் 28-உம் 1492. மோடத்தில் 1500-ஐ அழித்து 1492 போட்டேன். இப்போது அதே 1472-ஐ அனுப்பினால் மௌனம் இல்லை, துண்டாக்க வேண்டியிருக்கிறது, நீ வேண்டாம் என்கிறாய் என்று ஒழுங்காகப் பதில் வந்தது. வாசலில் ஆள் வந்து நின்றுவிட்டார். வருகைப்பதிவுப் பக்கம் திறந்தது, திங்கள் செவ்வாய் இரண்டு நாளும் சிவப்பில் இருந்தன.

உங்களுக்கும் சின்ன பக்கம் திறந்து பெரியது உறைகிற நோய் இருந்தால், ஃபயர்வாலில் பிங் சம்பந்தப்பட்டது எல்லாவற்றையும், ஐ.சி.எம்.பி. என்று இருக்கும், மொத்தமாகத் தடுத்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். "பெரிசா இருக்கு, சின்னதா அனுப்பு" என்ற சேதி அந்த வழியில்தான் திரும்பி வரும். பாதுகாப்புக்காக அதை முழுசாக அடைக்கச் சொல்கிற அறிவுரையை நான் நம்புவதை விட்டுவிட்டேன்.

இதெல்லாம் சரியானது எப்படியோ சொந்தக்காரர்களுக்குள் பரவி, ஞாயிற்றுக்கிழமை சேர்மாதேவியிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். வாழைத்தார் மண்டியில் கேமரா வைத்திருக்கிறார், வீட்டிலிருந்து போனில் பார்க்க முடியவில்லை. யாரோ ஒரு ஆள் வந்து ரவுட்டர் தடுக்கிறது என்று சொல்லி, போர்ட் திறக்கிறேன் என்று இரண்டு நாள் உட்கார்ந்து, பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். "ஒன் வீட்டு ரவுட்டர மாதிரித்தாம்ல இதுவும்" என்றார் சித்தப்பா. எனக்கும் அப்போது கொஞ்சம் கர்வம் ஏறியிருந்தது, ஃபயர்வாலாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

போர்ட் எல்லாம் ஒழுங்காகத்தான் திறந்து வைத்திருந்தார் அந்த ஆள். மோடத்தின் நிலவரப் பக்கத்தில் வெளி முகவரி என்று இருந்ததைப் பார்த்தவுடன் விஷயம் விளங்கிவிட்டது. 100.72 என்று தொடங்கியது. 100.64-இலிருந்து 100.127 வரைக்கும் உள்ள முகவரிகள் உலகத்துக்குத் தெரியாதவை. இணையத்தின் பழைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியோடு தீர்ந்தது. பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் அடைக்கிற கம்பெனிகளுக்காக இந்த 100.64 வரிசையை 2012-இல் ஒதுக்கினார்கள். ஒரு தெருவே ஒரே கதவு எண்ணில் குடியிருக்கிற மாதிரி. கம்பெனியின் பெரிய பெட்டியில் கதவு திறக்காமல் சித்தப்பா மோடத்தில் எத்தனை போர்ட் திறந்தாலும் பாக்கெட் அங்கே வந்து சேராது. என் ஐபி என்ன என்று காட்டுகிற தளங்களில் வருகிற ஐபிவி4 எண்ணும், மோடம் காட்டுகிற வெளி முகவரியும் வேறுவேறாக இருந்தால் உங்கள் வீடும் அந்த ரகம்தான். இரண்டு நாளும் பணமும் அந்த ஒரு ஒப்பீட்டில் மிச்சமாகியிருக்கும்.

இங்கே ரவுட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. தனி முகவரி வேண்டுமென்றால் மாதம் கூடக் கட்ட வேண்டும் என்றது கம்பெனி. சித்தப்பாவிடம் அது பலிக்காது. திறந்த போர்ட்டுகளை எல்லாம் மூடிவிட்டு, கேமராக்காரர்களின் ஆப்பை இறக்கி, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட படத்தை ஸ்கேன் செய்தேன். அந்த முறையில் கேமராவே வெளியே போய் இணைப்பைப் பிடித்துக்கொள்கிறது, யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. கேமராவின் பாஸ்வேர்டு வாங்கிய நாளிலிருந்து 123456. அதையும் மாற்றினேன், சித்தப்பா அதற்கு மட்டும் முகம் சுளித்தார். வரும்போது ஒரு சீப்பு கதலிப்பழம் கொடுத்தார்.

இப்போது எங்கள் மோடத்துக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து ஒட்டி வைத்திருக்கிறேன். பெட்டியில் எதை மாற்றினாலும் தேதி, பழைய நிலை, புதிய நிலை மூன்றையும் பேனாவால் அதில் எழுதிவிட்டுத்தான் சேமி பொத்தானைத் தட்டுவது. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். ஃபயர்வால் ஹையிலிருந்து மீடியம், எம்.டி.யூ. 1500-இலிருந்து 1492, இதுவரை இரண்டு வரி. போன வாரம் பார்த்தால் அதற்குக் கீழே மூன்றாவதாக அம்மா பென்சிலில் பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். எழுதினதோடு விடவில்லை, ராத்திரி சாப்பாட்டில் கேட்டாள்: "அதென்னல 1500 இருந்தத 1492 ஆக்கிருக்க, மிச்சம் எட்டு ரூவா யாருக்குக் குடுத்த?"